கரன்ஸி மாளிகை பிழைத்த கதை

சாந்த்ராகாச்சி ஏரிக்குக் குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் பறவைகளை நம் வீட்டுக் குழந்தைகள் நன்கு அறிவார்கள். பனிக்காலம் தொடங்குமுன் ஏரியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையை உள்ளூர் அன்பர்கள் முன்னின்று அகற்றச் செய்கிறார்கள். முழுவதையும் வாரி எறிந்துவிடுவதும் இல்லை. பறவைகள் அமர்வதற்கென்று ஆங்காங்கே திட்டுத்திட்டாக விட்டுவைக்கிறார்கள். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலைப் பொழுது அக்கரையில் நின்றுகொண்டிருந்தபோது நம்முடன் வந்திருந்த சிறுவன் ஒருவன், "இந்தப் பறவைகள் வெளியூர்தானே? அதற்கு இவர்கள் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள்?" என்று கேட்டான். அவன் தந்தை சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து போகும் பறவைக்காக ஊரார் ஏரியைக் காக்கிறார்கள். வந்து தங்கிவிட்ட நாம் இந்த ஊருக்காக எதைக் காத்தோம் என்ற எண்ணம் முள்ளாகத் தைத்தது. அந்த எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

1996-ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வந்தது. அக்காலத்தில் நம்மவர் பலருடைய தினசரி வாழ்க்கை ஒரே மாதிரியானது. காலையில் சாந்த்ராகாச்சியில் லோக்கல் வண்டி, ஹௌராவில் இறங்கினால் லாஞ்சு, ஹூக்ளியைக் கடந்து அக்கரை ஏறினால் டல்ஹௌஸி சதுக்கம். வினய்-பாதல்-தினேஷ் பாக் என்று அதற்குப் பெயர் மாறி நெடுங்காலம் ஆகியும் நம் வாயில் டல்ஹௌஸி போகவில்லை. சதுக்கத்தருகே பழைய கோர்ட் ஹவுஸ் தெருவை ஒட்டி, பூட்டிக் கிடந்த ஒரு மூன்றடுக்கு மாளிகையைத் தாண்டித்தான் நம் அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் அம்மாளிகைக்குள் கடப்பாரை விழும் ஓசை கேட்கத் தொடங்கிற்று. சுண்ணாம்புத் தூசி தெருவெங்கும் பறந்தது. நாம் என்ன செய்தோம்? கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தோம். மாலையில் திரும்பும்போதும் அப்படியே. அது என்ன கட்டடம், யார் இடிக்கிறார்கள், ஏன் இடிக்கிறார்கள் என்று ஒரு நாளேனும் நின்று கேட்டவர்கள் அல்லோம். ஏதோ பழைய சுவர். நமக்கென்ன என்ற நினைப்பு.

அந்தப் பழைய சுவரின் வரலாற்றைப் பின்னாளில்தான் அறிந்தோம். 1833-ல் ஆக்ரா பாங்கின் கல்கத்தாக் கிளைக்காக எழுப்பப்பட்ட கட்டடம் அது. இத்தாலியப் பாணியில் அமைந்தது. இரும்பு உத்தரங்கள் தாங்கும் செங்கல் வளைவுகள்மேல் அதன் மாடிகள் நிற்கின்றன. தரையில் சலவைக்கல்லும் சுனார் மணற்கல்லும் பாவியிருந்தனர். மூன்று பகுதிகளாகத் திறக்கும் வேலைப்பாடமைந்த இரும்பு வாயிற்கதவு இன்றும் காண்பவர் கண்ணை நிறுத்தும். 1868-ல் அரசாங்கம் தன் கரன்ஸி இலாகாவை அங்கே அமர்த்தியது. அதிலிருந்து கரன்ஸி பில்டிங் என்ற பெயரே நிலைத்துவிட்டது. நடுவில் இருந்த பெருங்கூடத்தின்மேல் மூன்று பெரிய குவிமாடங்கள். அவற்றினூடே இறங்கும் வெளிச்சத்தில் வரிசை வரிசையாக முகப்புகள் அமைத்து, காகித நோட்டுக்குப் பொன்னும் வெள்ளியும் சில்லறையும் மாற்றிக் கொடுத்தார்கள். அச்சடித்த ஒரு காகிதத்தை நம்பிப் பொன்னுக்குச் சமமாக மடியில் முடிந்துகொள்ளலாம் என்ற பழக்கம் இந்நாட்டில் வேரூன்றியது இத்தகைய கூடங்களிலேதான். 1935 ஏப்ரல் முதல் தேதி ரிசர்வ் பாங்கு பிறந்தபோது அதன் தலைமை அலுவலகம் கல்கத்தாவில் அமைந்தது. 1937-ல் பம்பாய்க்குச் செல்லும்வரை அதற்கு இடம் தந்தது இந்த மாளிகையே.

சுதந்திரத்திற்குப் பின் மாளிகையின் நிலை தாழ்ந்தது. மத்தியப் பொதுப்பணித் துறையார் அதைப் பண்டக சாலையாகப் பயன்படுத்தினர். தட்டுமுட்டுச் சாமான்கள் அடுக்கியிருந்த கட்டடத்தின் கூரையில் செடி முளைத்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? கவனிப்பின்மையால் பழுதடைந்தது, பழுதடைந்ததால் இடிக்கத் தகுந்தது என்று தீர்ப்பாயிற்று. பழைய கட்டடங்கள் அழியும் வழி எந்த ஊரிலும் இதுதான். முதலில் பூட்டு, அடுத்து ஒழுக்கு, அதற்கடுத்து "அபாயம்" என்ற பலகை, கடைசியில் கடப்பாரை. இடித்த மனையில் உயர்ந்த புதுக் கட்டடம் ஒன்றை எழுப்புவது துறையின் எண்ணம். அதன்படி வேலை தொடங்கி, நடுக்கூடத்தின் மூன்று குவிமாடங்களும் தரைமட்டமாயின. நாம் மூக்கைப் பொத்தியது அந்தக் குவிமாடங்களின் தூசிக்குத்தான்.

ஆனால் எல்லோரும் நம்மைப்போல் நடந்து போய்விடவில்லை. 1984-ல் டில்லியில் தொடங்கப்பெற்று, கல்கத்தாவிலும் கிளை கொண்டிருந்த இன்டாக் என்னும் பண்பாட்டு மரபுக் காப்பு அமைப்பினர் குரல் எழுப்பினர். கல்கத்தா மாநகராட்சியும் தலையிட்டது. இடிப்பு நின்றது. இடிக்க முற்பட்டதும் ஓர் அரசாங்கத் துறை, நிறுத்தியதில் ஒரு கை நகரத்தின் ஆட்சி மன்றம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சர்க்கார் என்பது ஒரே உருவம், அதனோடு மோத இயலாது என்று நாம் அஞ்சுகிறோம். அதற்குப் பல தலைகள் உண்டு, ஒரு தலை தவறு செய்தால் மற்றொரு தலையிடம் முறையிடலாம் என்பதை அந்த அன்பர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் விழித்துக்கொண்டபோது கூடத்தின் குவிமாடங்கள் போய்விட்டன. ஆனால் நான்கு புறத்துக் கட்டும் முகப்பும் வாயிற்கதவும் எஞ்சியிருந்தன. இன்னும் சில மாதங்கள் தாமதித்திருந்தால் காப்பதற்கு மனை மட்டுமே இருந்திருக்கும்.

அதன் பின்னர் மாளிகை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புக்குள் வந்தது. 2005-ஆம் ஆண்டளவில் செப்பனிடும் வேலை தொடங்கி, நிறைவேறப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சுவரில் புகுந்த வேர்களைக் களைவதும் குப்பை மேட்டை அகற்றுவதும் உத்தரங்களைத் தாங்கி நிறுத்துவதும் ஓர் ஆண்டில் முடியும் காரியமா? இடிப்பதற்குச் சில வாரங்கள் போதும். கட்டிக் காப்பதற்குத்தான் காலம் வேண்டும். 2020 ஜனவரி 11 அன்று பிரதமர் அதை மக்களுக்குத் திறந்து வைத்தார். வங்கத்து ஓவியங்களின் பெருங்காட்சி ஒன்று அப்போது அங்கு அமைக்கப்பட்டது. குவிமாடங்களை மட்டும் மீண்டும் கட்டவில்லை. கூடம் இருந்த இடம் வானம் பார்த்த முற்றமாக விடப்பட்டிருக்கிறது. நமக்கு அது சரியான முடிவென்றே படுகிறது. பொய்யாக ஒரு குவிமாடம் வைத்திருந்தால் 1996-ல் நடந்தது எவர் நினைவிலும் இராது.

இங்கே ஓர் அன்பர் இடைமறிக்கக்கூடும். "வெள்ளைக்காரன் பாங்குக்குக் கட்டின கட்டடம், வங்காளிகள் ஊர், நாம் மதராஸிகள். உத்தியோகத்துக்கு வந்தோம், பென்ஷன் வாங்கியதும் திரும்பப் போகிறவர்கள். நமக்கு இதில் என்ன பாத்தியதை?" நம் சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு மறுமொழியாக இந்நகரில் இல்லாமற் போன இரண்டு கட்டடங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, கல்லூரித் தெருவில் இருந்த செனட் ஹவுஸ். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்காகக் கிரான்வில் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்தது. அகன்ற படிகளும் ஓங்கிய தூண்களுமாக 1870-களின் தொடக்கத்தில் எழுந்தது. சர். சி. வி. ராமன் 1917 முதல் பாலித் பேராசிரியராகவும், திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1921 முதல் தத்துவப் பேராசிரியராகவும் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் திருமுகம் அது. 1960-ல் அதை இடித்துவிட்டார்கள். அந்த மனையில் நூற்றாண்டுக் கட்டடம் எழுந்தது. நூற்றாண்டு கண்டதைக் கொண்டாடுவதற்காக, நூற்றாண்டை நெருங்கிய கட்டடத்தை இடித்த விந்தையை என்னவென்று சொல்வது! வருந்தியவர்கள் அன்று இல்லாமலில்லை. தடுப்பதற்குப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இல்லை.

மற்றொன்று நம் நெஞ்சுக்கு இன்னும் அருகில் இருப்பது. பௌபஜார் தெரு, இலக்கம் 210. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவப் பெருந்தகை 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அங்கே இருந்தது. 1907-ல், பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நிதி இலாகாவில் உதவிக் கணக்காயராக மதராஸிலிருந்து வந்து சேர்ந்தார். ட்ராமில் செல்லும்போது அக்கழகத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். காலையும் மாலையும் சோதனைச் சாலை, இடையில் அலுவலகம் என்று ராமன் பத்தாண்டு உழைத்த இடம் அது. (இடையே சில காலம் ரங்கூனில் கரன்ஸி அதிகாரியாகவும் இருந்தார் என்பதை இக்கட்டுரையின் தலைப்பை முன்னிட்டுச் சொல்லிவைக்கிறோம்.) வத்திராயிருப்பிலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணன் அவருடன் சேர்ந்து உழைத்ததும், 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு உலகுக்கு வெளிப்பட்டதும் அந்தக் கூரையின்கீழ்தான். இரண்டு தமிழர்கள், ஒரு வங்காளியார் கட்டிய இல்லத்தில், ஒளியின் இயல்பைக் கண்டார்கள். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

சுதந்திரத்திற்குப் பின் கழகம் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது. பௌபஜார்க் கட்டடம் இடிக்கப்பட்டது. அவ்விலக்கத்தில் இன்று கோயங்கா வணிகக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி நல்லதே, அதன்மேல் நமக்குக் குறையில்லை. ஆனால் பிப்ரவரி 28 தோறும் தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடுகிற நாட்டில், அந்தத் தேதி பிறந்த அறையைக் காட்டு என்று ஒரு குழந்தை கேட்டால் காட்ட அறை இல்லை. ராமன் நம்மவர் என்று மேடைதோறும் மார்தட்டிய நாம், அந்த அறை நம்முடையது என்று ஒரு விண்ணப்பமாவது எழுதியிருக்கலாம். பாத்தியதை இல்லை என்று ஒதுங்கியவர்களின் பாத்தியதையும் சேர்ந்தே இடிந்தது.

கரன்ஸி மாளிகை நின்றதற்கும் இவை இரண்டும் நில்லாததற்கும் வேற்றுமை என்ன? பின்னதைக் காக்க விரும்பியவர்கள் கையில் சட்டம் இல்லை. முன்னதற்காகக் குரல் எழுந்த காலத்திலேதான் சட்டம் உருப்பெறத் தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியில் மாநகராட்சிச் சட்டத்தில் மரபுக் கட்டடங்களுக்கெனத் தனிப் பகுதி சேர்ந்தது. 2001-ல் மேற்கு வங்க மரபுக் குழுச் சட்டம் வந்தது. 2004-லும் 2006-லும் டல்ஹௌஸி சதுக்கம் முழுவதுமே உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் இடம்பெற்று, வெளிநாட்டார் கவனமும் திரும்பியது.

சட்டம் வந்ததால் எல்லாம் பிழைத்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். மாநகராட்சி தன் பட்டியலில் கட்டடங்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. முதல் தரமானால் தொடக்கூடாது. மூன்றாம் தரமானாலோ, இடித்துவிட்டு "இங்கே இன்னது இருந்தது" என்று ஒரு பலகை பதித்தால் போதுமாம்! கல்யாணப் பந்தலைப் பிரித்தபின் வாழைமரத்தின் படத்தை மாட்டிவைப்பது போன்றதல்லவா இது? லிட்டில் ரஸ்ஸல் தெருவில் இருந்த பழைய கெனில்வொர்த் விடுதி உயர்ந்த தரத்தில்தான் இருந்தது. பிறகு மூன்றாந்தரத்திற்கு இறக்கப்பட்டது. 2018-ல் கடப்பாரை விழுந்தது. ஆகவே ஒரு கட்டடம் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு, எந்தத் தரத்தில் இருக்கிறது, அந்தத் தரம் மாறாதிருக்கிறதா என்பதையும் யாரேனும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாளிகைகளுக்காவது பேச ஆள் உண்டு. சாதாரண வீடுகளுக்கு? 2015-ல் எழுத்தாளர் அமித் சௌதுரி இந்தக் கேள்வியை எழுப்பினார். பட்டியலில் இடம்பெறாத கல்கத்தாவின் நடுத்தரக் குடும்பத்து வீடுகளைக் காக்கவேண்டும் என்று அவரும் நண்பர்களும் விடுத்த விண்ணப்பத்தில் அமர்த்தியா சென் அவர்களும் கையெழுத்திட்டார். அவ்வீடுகளின் இலக்கணம் என்ன தெரியுமா? சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை வர்ணம் பூசிய பலகணிக் கதவுகள், தெருவை நோக்கிய 'ரோவாக்'. ரோவாக் என்பது வேறொன்றுமில்லை. நம் திண்ணையின் வங்கத்துத் தமக்கை. மாலையில் பெரியவர்கள் அமர்ந்து அரசியலும் கால்பந்தும் பேசுகிற இடம். கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்புத் தரையின் குளிர்ச்சியையும் திண்ணையின் அருமையையும் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதும்போது சொந்தக் கதை ஒன்று நினைவைத் தடுக்கிறது. தஞ்சை ஜில்லாவில் நம் பாட்டனார் வீடு ஒன்று இருந்தது. முன்னே இரட்டைத் திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண்கள். பங்காளிகள் கூடி விற்றுவிடுவதென்று முடிவு செய்து நமக்கும் கையொப்பம் கேட்டுக் கடிதம் போட்டார்கள். ஆயிரம் மைல் தள்ளி, ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு நாம் என்ன சொல்வது? கையொப்பம் இட்டு அனுப்பினோம். அடுத்த கோடை விடுமுறையில் சென்றபோது அங்கே நின்றது ஒரு கல்யாண மண்டபம். தூண்கள் எங்கே போயின என்று விசாரித்தோம். பழைய சாமான் வியாபாரி எடைக்கு எடுத்துக்கொண்டான் என்றார்கள். இங்கேயும் பாத்தியதை இல்லை, அங்கேயும் கையொப்பம் போட்டாயிற்று என்றால் புலம்பெயர்ந்தவனுக்குக் கால் ஊன்ற எங்கேதான் இடம்?

தாயகத்திலும் விழித்துக்கொண்டவர்கள் உண்டு என்பது ஆறுதல். 1914-ல் தொடங்கிய சென்னை ராணி மேரிக் கல்லூரியை அகற்றி அவ்விடத்தில் தலைமைச் செயலகம் கட்ட 2003-ல் திட்டமிட்டபோது, மாணவிகளே கல்லூரிக்குள் அமர்ந்து மறியல் செய்து அந்தத் திட்டத்தைக் கைவிடச் செய்தார்கள். மவுண்ட் ரோடில் 1897-ல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் உயர்நீதிமன்றம் சென்று தடை பெற்றது. 2010-ல் இடிக்கக்கூடாதென்றே தீர்ப்பும் வந்தது. எனினும் தீர்ப்புக்குப் பின்னும் அக்கட்டடம் செப்பனிடப்படாமல் பல்லாண்டு மூடியே கிடந்தது. இடியாமல் நிறுத்துவது பாதி வேலை. மீதிப் பாதிக்குக் கரன்ஸி மாளிகைக்குக் கிடைத்தது போன்ற பதினான்கு ஆண்டுப் பொறுமையும் பணமும் வேண்டும்.

இனி நம் பேட்டைக்கு வருவோம். சாந்த்ராகாச்சி கல்கத்தா மாநகராட்சியைச் சேர்ந்ததன்று; ஹௌரா மாநகராட்சிக்கு உட்பட்டது. ஆகவே கல்கத்தாவின் பட்டியலும் தரமும் ஆற்றைத் தாண்டி இங்கே வாரா. மாநில மரபுக் குழுவின் அதிகாரமோ மாநிலம் முழுவதற்கும் உரியது. எவரும் அதற்கு எழுதலாம். 1900-ல் பி. என். ஆர். பாதை கரக்பூரிலிருந்து ஹௌராவைத் தொட்ட பிறகு இவ்வழியெங்கும் எழுந்த செங்கல் கட்டடங்கள் எத்தனை, இன்று நிற்பவை எத்தனை என்று நம்மில் யாராவது எண்ணியிருக்கிறோமா? நம் தந்தையர் குடியிருந்த குவார்ட்டர்ஸ்கள், அவர்கள் சீட்டாடிய கழகங்கள், ராம்ராஜாதலா பக்கத்தில் நாம் வாடகைக்கு இருந்த ரோவாக் வைத்த வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பல மாடிக் குடியிருப்புகளாகி வருகின்றன. அவற்றுள் எல்லாம் காக்கத் தகுந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஒழுகும் கூரையின்கீழ்க் குடியிருப்பவனிடம் போய் மரபு பேசுவது அறமாகாது; வீட்டை விற்றுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டியவரை நாம் குறை கூற இயலுமா? ஆனால் எது தகுந்தது என்று தீர்மானிக்கும் முன்னரே அது போய்விடலாகாது.

செய்யத்தக்க காரியம் மிகச் சிறியது. பழைய புகைப்படங்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் தூங்குகின்றன. உபநயனத்திலும் வளைகாப்பிலும் எடுத்த படங்களில், நமக்குப் பின்னால் வீடுகளும் தெருக்களும் நிற்கின்றன. எந்த ஆண்டு, எந்தத் தெரு, எவர் இருந்த வீடு என்று பின்புறம் எழுதிச் சங்கத்தில் கொடுக்கலாம். எந்தக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவதாயினும், கட்டடத்தின் வயதும் வரலாறும் முதலில் வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே சிலரே இருக்கிறார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை இளையோர் வங்காளியிலும் எழுதிக் கொடுக்கலாம். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு வங்காளி நம்மைவிட நன்றாக வரும்.

சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில், ஏரிக்கரையில் கேள்வி கேட்ட அந்தச் சிறுவனையும் அவன் தங்கையையும் அழைத்துக்கொண்டு டல்ஹௌஸிக்குச் சென்றோம். லாஞ்சுக்குப் பதில் ஹௌராவிலிருந்து ஆற்றின் அடியே ஓடும் மெட்ரோவில் போகலாம் என்றார்கள் குழந்தைகள். 2024 முதல் அது ஓடுகிறது. மகாகரண் நிலையத்தில் மேலேறி நடந்தால் சிறிது தூரம். மாளிகையின் முற்றத்தில் நின்று, நாம் ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த தெருவை உள்ளேயிருந்து பார்த்தோம். மேலே ஒன்றுமில்லை, வானம் மட்டும். "கூரை எங்கே?" என்றாள் சிறுமி. சொன்னோம். "நீங்கள் அப்போது இங்கேதான் வேலை பார்த்தீர்களா, தாத்தா?" என்று கேட்டான் சிறுவன். ஆம் என்று சொல்லிவிட்டு, இருவர் கையையும் பிடித்துக்கொண்டு படியேறி மேல் மாடிக்குச் சென்றோம்.